ரைசோபியம் கலந்து விதைத்ததால் மல்லாட்டைக்குத் தண்டழுகல் வந்ததா?

தம்பி ஒருவர் எழுதிக் கேட்டது இது. வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கம் ஒன்றரை ஏக்கர் செம்மண் கொல்லை. சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து முதல் தடவையாக மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருக்கிறார். ரைசோபியம், அதாவது பயறு வகை வேரில் முடிச்சு போட்டுக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிற பாக்டீரியா. அதைப் பாக்கெட்டாக வாங்கி விதையில் கலந்துதான் விதைத்தார். இப்போது 55 நாள் பயிர். அங்கங்கே செடி வாடுகிறது. பிடுங்கிப் பார்த்தால் தூரில் வெள்ளை நூல், அதில் கடுகு கடுகாக உருண்டை. பக்கத்துக் கொல்லைக்காரர், "கிருமியைக் காசு கொடுத்து வாங்கி மண்ணில் போட்டால் நோய் வராமல் வேறென்ன வரும்" என்று சொல்லிவிட்டாராம். அது உண்மையா, எது நல்ல கிருமி எது கெட்ட கிருமி என்று வேர் எப்படித் தெரிந்துகொள்கிறது, இனிமேல் நோயைத் தடுக்கிற ட்ரைக்கோடெர்மா பூஞ்சையைப் போட்டால் உள்ளே இருக்கும் ரைசோபியம் செத்துவிடுமா, இதையெல்லாம் கேட்டிருக்கிறார்.

நேரடியான பதில் முதலில்: இல்லை. உங்கள் கொல்லையில் வந்திருப்பது தண்டழுகல். அதைச் செய்வது ஸ்கிளிரோஷியம் ரால்ப்சி என்ற பூஞ்சை. நீங்கள் பாக்கெட்டில் வாங்கியது பாக்டீரியா. ஆடு கோழிக்குஞ்சு போடாது. அந்தப் பாக்டீரியாவிலிருந்து இந்தப் பூஞ்சையும் வராது. இதைக் கிளப்பிவிட்ட பழைய கடுகு உருண்டைகள் நீங்கள் விதைப்பதற்கு முன்பே, போன வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ, மண்ணில் விழுந்து கிடந்தவை. அந்தக் கொல்லையில் முன்னால் கத்திரியோ தக்காளியோ இருந்ததா என்று அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து இலவம்பாடி முள்கத்திரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் கத்திரி, தக்காளி, மல்லாட்டை மூன்றுமே இந்தப் பூஞ்சைக்கு ஒரே பந்திச் சாப்பாடு.

சரி, ஆனால் பக்கத்துக் கொல்லைக்காரரைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். அவருக்கு வந்த சந்தேகம் மல்லாட்டை வேருக்கும் வருகிற சந்தேகம்தான். வெளியிலிருந்து ஒரு நுண்ணுயிர் வந்து உடம்புக்குள் புகப் பார்த்தால், அது சத்து கொண்டுவருகிறதா, சாவு கொண்டுவருகிறதா என்று செடிக்கு முன்கூட்டித் தெரியாது. பயறு வகைச் செடிகளின் முழுக் கதையும் இந்த ஒரு சந்தேகத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது.

வேர் சும்மா நீர் உறிஞ்சிக்கொண்டு மட்டும் இருப்பதில்லை. சர்க்கரை, அமினோ அமிலம், இன்னும் பல பொருள்களைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணில் கசியவிடுகிறது. அந்தக் கசிவால் வேரை ஒட்டிய மில்லிமீட்டர்க் கணக்கு மண்ணில் மட்டும் நுண்ணுயிர்கள் மொய்க்கின்றன. 1904இல் ஹில்ட்னர் என்ற ஜெர்மன் அறிஞர் இந்த மெல்லிய மண் படலத்துக்குத் தனிப்பெயர் வைத்தார். அவர் அப்போது பார்த்துக்கொண்டிருந்ததும் பயறு வகை வேர்களைத்தான். மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவாக இருந்தால் பயறுச் செடி அந்தக் கசிவில் ஃபிளேவனாய்டு என்ற பொருளையும் சேர்த்து விடுகிறது. கூப்பிடு குரல் அதுதான். அதைக் கேட்ட ரைசோபியம், பதிலுக்கு ஒரு மூலக்கூறைச் செய்து அனுப்புகிறது. 'நாட் காரணி' என்பார்கள். 1990இல் பிரான்சில் துலூஸ் நகரத்துக்காரர்கள் அது என்ன பொருள் என்று கண்டுபிடித்தபோதுதான் விஷயம் சுவாரசியமானது. அதன் முதுகெலும்பு கைட்டின் துண்டு. நாலைந்து கண்ணி கோத்த கைட்டின் சங்கிலி, ஒரு முனையில் கொழுப்பு வால்.

கைட்டின் எது என்று யோசித்துப் பாருங்கள். நண்டு ஓடு, வண்டின் முதுகு, அப்புறம் பூஞ்சைகளின் செல் சுவர். உங்கள் கொல்லையில் தூரைத் தின்கிற வெள்ளை நூலின் தோலும் கைட்டின்தான். பூஞ்சை வேரைத் தொடும்போது எட்டுக் கண்ணி அளவுக்கு நீளமான கைட்டின் துண்டுகள் உதிர்கின்றன. செடி அதை மோப்பம் பிடித்து உடனே எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிடுகிறது. ஆக நண்பன் கொண்டுவருகிற அடையாளச் சீட்டும் திருடன் உடம்பில் இருக்கிற நாற்றமும் ஒரே சரக்கு. கண்ணியின் எண்ணிக்கை, வாலின் வடிவம், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டையும் பிடித்துப் பார்க்கிற ஏற்பிப் புரதங்களும் ஒன்றுக்கொன்று ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஒரே வாசலில் இரண்டு காவல்காரர்கள் உட்கார்ந்து ஒரே சீட்டை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள்.

இந்த வாசல் ரைசோபியத்துக்காகக் கட்டியதும் இல்லை. செடிகள் நிலத்துக்கு வந்த காலத்திலிருந்தே வேர் உட்பூசணம் என்கிற மைக்கோரைசா பூஞ்சை அவற்றோடு இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 40 கோடி ஆண்டுப் பழமையான கல்லாகிப்போன செடிகளுக்குள் அதன் கிளைகள் அப்படியே தெரிகின்றன. பயறு வகையின் முடிச்சுக்கு வயது சுமார் 6 கோடி ஆண்டுதான். பழைய விருந்தாளிக்கு வைத்திருந்த வாசலையே புது விருந்தாளிக்கும் திறந்துவிட்டது செடி. இதற்கு அத்தாட்சி பட்டாணியில் கிடைத்தது. 1989இல் பிரான்சில், வேர் முடிச்சு வராத சில பட்டாணி மாற்றுவகைகளைச் சோதித்தபோது, அவற்றில் மைக்கோரைசாவும் நுழைய முடியவில்லை. ஒரு மரபணு பழுதானால் இரண்டு பேருக்கும் கதவு சாத்திவிடுகிறது. இரண்டு பேர் வந்து தட்டினாலும் வேர்ச் செல்லின் உட்கருவில் கால்சியம் அலை அலையாகத் துடிக்கிறது. அந்தத் துடிப்பைப் படித்துத்தான் 'வரலாம்' என்ற உத்தரவு போகிறது.

ரைசோபியமும் ஒன்றும் சாது இல்லை. செடியில் கழலை உண்டாக்குகிற அக்ரோபாக்டீரியம் இருக்கிறதே, அது ரைசோபியத்துக்குப் பங்காளி. பல அறிஞர்கள் அதை ரைசோபியம் என்ற பெயரிலேயே சேர்த்தும் எழுதுகிறார்கள். மல்லாட்டையிலும் காராமணியிலும் வாழ்கிற ரைசோபியத்துக்குப் பிராடிரைசோபியம் என்று பெயர். அதன் பல வகைகளிடம், நோய்க்கிருமிகள் வைத்திருக்கிற அதே நுண் ஊசிக் குழல் இருக்கிறது. அதை வைத்துச் செடியின் செல்லுக்குள் புரதங்களைச் செலுத்தி எதிர்ப்பை அடக்குகிறது. சில செடிகளில் இது பலிக்கும். சிலவற்றில் செடி ஊசியைக் கண்டுகொண்டு கதவை அடைத்துவிடும். நாம் ஒன்றுக்கு நல்லது, இன்னொன்றுக்குக் கெட்டது என்று பெயர் வைத்துவிட்டோம். வேரோ வருகிற ஒவ்வொருவரோடும் புதிதாகப் பேரம் பேசுகிறது.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். நன்றாகப் பச்சையாக நிற்கிற செடி ஒன்றைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் முடிச்சில் பாதி மண்ணிலேயே அறுந்துவிடும். ஒரு சாண் தள்ளிக் கடப்பாரை போட்டு, மண்ணோடு பெயர்த்து, மோட்டார் தொட்டித் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து ஆட்டுங்கள். செம்மண் கரைந்ததும் வேர் தெரியும். பக்க வேர் எங்கே கிளைக்கிறதோ அந்தக் கக்கத்தில் முடிச்சுகள் உட்கார்ந்திருக்கும், கேழ்வரகை விடக் கொஞ்சம் பெரிதாக, அழுக்கு வெள்ளையில். ஒன்றைக் கிள்ளி, கட்டை விரல் நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே சிவப்பாக, விரலில் ரத்தம் ஒட்டின மாதிரி சாயம் ஒட்டினால் அது வேலை செய்கிற முடிச்சு. வெளுத்திருந்தால் வேலை செய்யவில்லை, அல்லது இன்னும் தொடங்கவில்லை. பச்சை ஏறியிருந்தால் கிழமாகிவிட்டது.

ரத்தம் என்று சொன்னது உவமைக்காக இல்லை. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவு. 1939இல் ஜப்பானியரான குபோ அதை அடையாளம் கண்டார். அது ஏன் அங்கே இருக்க வேண்டும்? காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தாலும் அதன் இரண்டு அணுக்களும் மூன்று கட்டாகப் பின்னிக்கிடக்கின்றன. யூரியா ஆலையில் அந்தக் கட்டை அவிழ்க்க 400 டிகிரிக்கு மேல் சூடும் நூற்றுக்கும் மேற்பட்ட மடங்கு காற்றழுத்தமும் வேண்டும். நைட்ரஜனேஸ் என்ற நொதி அதையே நம் கொல்லை மண்ணின் சூட்டில் செய்துவிடுகிறது. ஆனால் அந்த நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் சாவு. அதை வைத்திருக்கிற பாக்டீரியாவுக்கோ மூச்சு விட ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலுக்குச் செடி கண்ட வழிதான் அந்தச் சிவப்பு: ஆக்சிஜனை உதிரியாகத் திரியவிடாமல் பிடித்து, தேவைக்கு மட்டும் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறது.

மல்லாட்டையில் முடிச்சு கக்கத்தில் மட்டும் இருப்பதற்கும் காரணம் உண்டு. பட்டாணி, சோயா மாதிரிச் செடிகளில் வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவைப் பிடித்து, குழாய் மாதிரி வழி போட்டு உள்ளே கூட்டிப்போகும். மல்லாட்டை அந்த மரியாதையெல்லாம் செய்வதில்லை. பக்க வேர் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறதே, அந்த வெடிப்பு வழியாகவே பிராடிரைசோபியம் நுழைகிறது. பழைய முறை, கரடுமுரடான முறை. காயத்தின் வழியாக நல்லவன் வருகிறான் என்றால் கெட்டவனுக்கும் அந்த வழி தெரியும், இல்லையா? வேரழுகல் பூஞ்சைகளுக்குக் காயம் என்றால் திறந்த வீடு. களைக்கொத்து வேரில் பட்டாலும், புழு கடித்தாலும் அதுதான்.

உள்ளே விட்ட பிறகும் செடி கணக்குப் பார்ப்பதை நிறுத்துவதில்லை. ஒரு கிராம் தழைச்சத்துக்குச் சுமார் 6 கிராம் கரிமத்தைச் செடி செலவழிக்கிறது. இலை சமைத்த சோற்றில் நல்ல பங்கு அது. அதனால் எத்தனை முடிச்சு என்பதை மேலே இருக்கிற தண்டும் இலையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. போதும் என்றால் புது முடிச்சை நிறுத்திவிடும். உட்கார்ந்து தின்கிற கிருமிகளுக்குத் தண்டனையும் உண்டு. 2003இல் சோயாவை வைத்துச் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சில முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றில் நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். பாவம், அந்த பாக்டீரியாக்கள் உழைக்க நினைத்தாலும் சரக்கு இல்லை. செடி காரணம் கேட்கவில்லை. அந்த முடிச்சுகளுக்கு மட்டும் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டது. உள்ளே இருந்தவை அவ்வளவாகப் பெருகவில்லை. கூலி வேலைக்கு ஏற்றபடிதான்.

யூரியா கதை இங்கேதான் வருகிறது. அடியுரத்தில் கொஞ்சம் தழைச்சத்து பரவாயில்லை. முடிச்சு வேலை தொடங்க இரண்டு மூன்று வாரம் ஆகிறது, அதுவரை பிள்ளைக்குப் பால் வேண்டும். அதற்கு மேல் பயிர் வெளுப்பாக இருக்கிறதே என்று கை நிறைய யூரியா வீசினால் செடி, 'சும்மா கிடைக்கும்போது இவனுக்கு ஏன் சோறு போட வேண்டும்' என்று முடிச்சைக் கைவிட்டுவிடுகிறது. இலை கரும்பச்சையாகும், பார்க்க அழகாக இருக்கும். அடர்ந்த அந்த இலைக்கு அடியில் ஈரம் நின்று தண்டழுகலுக்குப் பாய் விரிக்கும். நீங்கள் யூரியா போட்டீர்களா என்று எழுதவில்லை. போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

'ரைசோபியம் போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசமே தெரியவில்லை' என்றும் எழுதியிருந்தீர்கள். தெரியாமல் போவது நம் பக்கம் சகஜம். மல்லாட்டைக்கு ஆகிற பிராடிரைசோபியம் கூட்டமே காராமணி, கொள்ளு, துவரை, பச்சைப்பயறு, உளுந்து எல்லாவற்றிலும் முடிச்சு போடும். வட ஆற்காட்டுச் செம்மண்ணில் இவற்றைத் தலைமுறை தலைமுறையாக விதைத்து வந்திருக்கிறோம். மண்ணில் ஊர்க்காரன் ஏற்கெனவே கூட்டமாக இருக்கிறான். பாக்கெட்டில் வந்தவன் அசலூர்க்காரன். முந்திக்கொண்டு வேரைப் பிடித்தால்தான் உண்டு. ஊர்க்காரனில் நன்றாக உழைக்கிறவனும் உண்டு, முடிச்சை மட்டும் போட்டுக்கொண்டு வெளுத்துக் கிடக்கிறவனும் உண்டு. பயறே விதைக்காமல் பல வருஷம் கரும்போ நெல்லோ இருந்த நிலம், தரிசாகக் கிடந்து திருத்தின நிலம், இப்படிப்பட்ட இடங்களில் பாக்கெட்டின் பலன் கண்ணுக்குத் தெரியும். பயிர்நோயியல் படித்தவன் என்றாலும் இதைச் சொந்தக் கொல்லையில் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பாக்கெட்டே செத்திருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. அதற்குள் இருப்பது உயிர். வேலூர் வெயிலில் தகரக் கூரைக் கடையில் சித்திரை முழுக்க அடுக்கி வைத்தால் என்ன மிஞ்சும்? நான் வாங்கின ஒரு கடையில் பாக்கெட் கட்டுக்கு மேல் பூச்சி மருந்து டப்பா, அதற்கு மேல் பூனை. என் தவறும் இருக்கிறது. விதையில் ஒட்டுவதற்காக ரைசோபியத்தைக் கஞ்சியில் கரைப்போம். முதல் வருஷம் அவசரத்தில் அடுப்பிலிருந்து இறக்கின கஞ்சியிலேயே கரைத்தேன். கை பொறுக்கிற சூடுதான் என்று நினைத்தேன். மனைவி வந்து விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "கிருமிக்குக் கஞ்சி ஊத்துறியா, கிருமியையே கஞ்சியா காய்ச்சுறியா?" என்றாள். அந்த வருஷம் கலந்த பாத்திக்கும் கலக்காத பாத்திக்கும் ஒரு முடிச்சு கூட வித்தியாசமில்லை. ஆறின கஞ்சி, நிழலில் உலர்த்தல், 24 மணி நேரத்துக்குள் விதைப்பு, இந்த மூன்றையும் விட்டுவிட்டால் பாக்கெட் காசு வீண். பரிந்துரை ஹெக்டேருக்கு 600 கிராம், அதாவது 200 கிராம் பாக்கெட் மூன்று. பூஞ்சைக்கொல்லி மருந்தை விதையில் கலக்கிறவர்கள் முதலில் அதைக் கலந்து, ஒரு நாள் கழித்துத்தான் ரைசோபியத்துக்குப் போக வேண்டும்.

வேர் உட்பூசணத்தைப் பற்றி நம் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை, கண்ணுக்குத் தெரியாததால். முடிச்சையாவது கிள்ளிப் பார்க்கலாம். இதை நுண்ணோக்கியில் சாயம் ஏற்றினால்தான் தெரியும்: வேர்ச் செல்லுக்குள் குட்டி மரம் மாதிரி கிளைத்து நிற்கும். வெளியே அதன் நூல் வேர் எட்டாத தூரத்துக்கும் போய் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவந்து தருகிறது. மணிச்சத்து மண்ணில் நகராத சரக்கு. வேர் தன்னைச் சுற்றி இருந்ததை உறிஞ்சிவிட்டால் அப்புறம் பட்டினிதான். தழைச்சத்தைப் பிடிக்கிற வேலைக்கு மணிச்சத்து ஏராளமாக வேண்டும் என்பதால், பயறுக்கு இந்தப் பூஞ்சை மற்றப் பயிர்களை விட முக்கியம். கடையில் 'வேம்' என்று விற்கிறார்கள். உயிருள்ள வேர் இல்லாமல் இதை வளர்க்க முடியாது. அதனால் தட்டில் வளர்த்த ரைசோபியம் மாதிரி மலிவாக வராது. காசு கொடுத்து வாங்குவதை விட இருப்பதைக் காப்பாற்றுவது லாபம். மணிச்சத்து உரமான டி.ஏ.பி.யை அள்ளிப் போட்டால் செடி இதையும் கைவிடும். அதே கணக்குப்பிள்ளைப் புத்தி. கடுகு, முட்டைக்கோஸ் குடும்பத்தில் இந்தப் பூஞ்சை சேராது. அவற்றுக்குப் பின் பயறு விதைத்தால் பூஞ்சை மெலிந்துபோயிருக்கும்.

துவரை இதில் ஒரு படி மேலே. நம் செம்மண்ணில் மணிச்சத்து இரும்போடு பிணைந்து பூட்டிக் கிடக்கிறது. அந்தச் சிவப்பே இரும்புதான். துவரை வேர் பிசிடிக் அமிலம் என்ற ஒன்றைக் கசியவிட்டு இரும்பைப் பிடித்துக்கொண்டு மணிச்சத்தை விடுவிக்கிறது. ஐதராபாத் பக்கத்தில் பட்டான்செருவில் இருக்கிற இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் இதைக் கண்டுபிடித்து 1990இல் வெளியிட்டார்கள். நம் பெரியவர்கள் ஆறு சால் மல்லாட்டைக்கு ஒரு சால் துவரை விட்டதற்கு இந்த அமிலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அடுத்த பயிர் நன்றாக வந்ததைப் பார்த்திருப்பார்கள்.

இப்போது நோய்க்கு வருவோம். உங்கள் ஸ்கிளிரோஷியம் பேரம் பேசுகிற ஆள் இல்லை, அடிதடிக்காரன். ஆக்சாலிக் அமிலத்தைக் கக்கி, தான் தொடுவதற்கு முன்பே திசுவைக் கொன்றுவிட்டு, செத்ததைத் தின்கிறது. கதவு, சீட்டு, காவல்காரன் எதுவும் இதற்குப் பொருட்டில்லை. ஆனால் ஒரு பலவீனம் உண்டு: காற்று வேண்டும். மேல்மண்ணின் சில அங்குலத்தில்தான் இதன் ராஜ்ஜியம். தூரில் விழுந்து அழுகுகிற இலை, காய்ந்த களை, இவற்றின் வாசனையில் கடுகு உருண்டை முளைக்கிறது. முதலில் செத்த இலையைத் தின்று தெம்பேற்றிக்கொண்டு, பிறகு உயிருள்ள தண்டுக்குத் தாவுகிறது. 40, 45 நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கும்போது இலையையும் களையையும் சேர்த்துத் தூரில் ஏற்றிப் புதைத்திருந்தால் அதற்கு விருந்து வைத்த மாதிரிதான். மண் அணைக்காதீர்கள் என்று சொல்லவில்லை, பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காயாகிற விழுது இறங்க அது வேண்டும். களையை வெளியே எடுத்துவிட்டு அணைக்க வேண்டும்.

உலர் வேரழுகல் என்று இன்னொன்று உண்டு, மேக்ரோஃபோமினா. வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் வரும். தோலை உரித்தால் கரித்தூள் தூவின மாதிரிக் கருப்புப் புள்ளிகள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட செடிகளைத் தாக்குவதால் எள், சோளம் என்று பயிர் மாற்றியும் இதை ஏமாற்ற முடியாது. ஈரத்தைக் காப்பதும் தொழு உரமும்தான் வழி. துவரையில் வருகிற ஃபியூசேரியம் வாடல் நேர் எதிர் குணம். ஓசைப்படாமல் வேருக்குள் புகுந்து, நீர்க்குழாயில் குடியேறி, செடி பூக்கும் வரை காத்திருக்கும். வாடின துவரைத் தண்டை நீளவாக்கில் கத்தியால் கீறிப் பாருங்கள், கருப்புக் கோடு ஓடும். இதற்குச் சோளம் நல்ல மருந்து. சோளத்தோடு ஊடுபயிராக விட்ட துவரையில் வாடல் குறைகிறது. எந்த அழுகல் என்று தெரியாமல் மருந்து வாங்குவது, எந்தப் பல் வலிக்கிறது என்று தெரியாமல் பல்லைப் பிடுங்குகிற கதை. கார்பன்டாசிம் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது ஃபியூசேரியத்தின் மேல் வேலை செய்யும். உங்கள் வெள்ளைப் பூஞ்சையின் மேல் அவ்வளவாகச் செய்யாது.

ட்ரைக்கோடெர்மா ரைசோபியத்தைக் கொல்லாது. அது மற்றப் பூஞ்சைகளின் நூலைச் சுற்றிக்கொண்டு, கைட்டினைக் கரைக்கிற நொதியை விட்டுத் தின்கிற பூஞ்சை. பாக்டீரியாவின் சுவரில் கைட்டின் கிடையாது. விதைக்குக் கலக்கும்போது கிலோவுக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடியை முதலில் கலந்து, அதன் மேல் ரைசோபியம் பூசலாம். சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியா கிலோவுக்கு 10 கிராம். இந்தச் சூடோமோனாஸ் தின்பதில்லை, பறிக்கிறது. மண்ணில் இருக்கிற இரும்பை முந்திப் பிடித்து நோய்ப் பூஞ்சைக்கு இல்லாமல் செய்கிறது. செடியை முன்கூட்டியே உசுப்பியும் வைக்கிறது. இவை இரண்டோடும் இரசாயனப் பூஞ்சைக்கொல்லியைச் சேர்க்காதீர்கள். போலீஸையும் திருடனையும் ஒரே அறையில் போட்டு மருந்தடிக்கிற வேலை அது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் 55 நாள் பயிரில், நோய் வந்த பிறகு ட்ரைக்கோடெர்மா ஊற்றி இந்தப் போகத்தைக் காப்பாற்றலாம் என்று நான் நம்பவில்லை. அது முன்னாலேயே போய் இடம் பிடிக்க வேண்டிய ஆள். அடுத்த தடவை விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே, ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கின தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரச் சாக்குப் போட்டு மூடி வையுங்கள். பச்சைப் பாசி படர்ந்த மாதிரி வந்ததும் கொல்லையில் தூவுங்கள். பச்சைச் சாணி வேண்டாம்.

'பயறு போட்டால் மண்ணுக்குச் சத்து' என்று எல்லோரும் சொல்வதில் பாதிதான் உண்மை. முடிச்சு பிடித்த தழைச்சத்தில் பெரும்பங்கு பருப்புக்குப் போகிறது. மல்லாட்டையை நாம் வேரோடு பிடுங்குகிறோம். காயைப் பறித்துவிட்டுக் கொடியை மாட்டுக்குப் போடுகிறோம். முடிச்சும் போச்சு, இலையும் போச்சு. அந்த மாட்டின் சாணி திரும்ப அதே கொல்லைக்கு வந்தால்தான் கணக்கு நேராகும். துவரை மாதக்கணக்கில் இலை உதிர்த்துக்கொண்டே நிற்பதால் உண்மையில் மண்ணுக்குத் தருகிறது. முழுசாகத் தருவது சணப்பை, தக்கைப்பூண்டு, கொளுஞ்சி. பூக்கும்போது மடக்கி உழுதுவிடுவதால். சணப்பைக்கு நூற்புழுவைக் குறைக்கிற குணமும் உண்டு. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் கழிவுநீர் ஏறிக் கெட்ட நிலங்களில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போன விவகாரம் அது. உப்பு ஏறின மண்ணில் முடிச்சு குறைவாகத்தான் வரும். எந்தப் பாக்கெட்டும் அதை மாற்றாது. கே.வி.குப்பத்தில் உங்களுக்கு அந்தக் கவலை இருக்காது என்று நினைக்கிறேன், கிணற்று நீரை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: வாடின செடிகளை வெயில் ஏறுவதற்கு முன் தூர் மண்ணோடு பெயர்த்து, அங்கேயே உரச் சாக்கில் போட்டுக் கட்டுங்கள். கையில் தொங்கவிட்டுக்கொண்டு கொல்லை முழுக்க நடந்தால் கடுகு உருண்டை வழி முழுக்க உதிரும். வரப்பில் போடாதீர்கள், குப்பைக்குழியிலும் போடாதீர்கள். எரித்துவிடுங்கள். மாலை நேரத்துத் தண்ணீர் வேண்டாம், காலையில் விடுங்கள். இரண்டு நோய்ச்செடியை மட்டும் தனிப் பையில் எடுத்துக்கொண்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் காட்டி, எந்த மருந்து, எந்த அளவு என்று கேட்டு ஊற்றுங்கள். காய் முற்றும்போது கடைசிச் சில வாரம் வறட்சி தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகளைக் கொன்ற அஃப்ளடாக்சின் விஷத்தைச் செய்கிற பூஞ்சை அந்த வறட்சிக்குத்தான் காத்திருக்கும். அறுவடைக்குப் பின் சித்திரை மழையில் ஆழமாகக் கோடை உழவு போட்டால் உருண்டைகள் காற்றில்லாத ஆழத்துக்குப் போய்விடும். பிறகு இரண்டு போகம் கம்பு.

அதற்கு முன், இன்று சாயங்காலம் அந்த நல்ல செடியைப் பெயர்த்து முடிச்சைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன நிறம் என்று எழுதுங்கள் தம்பி. வெளுப்பா சிவப்பா என்று தெரிந்தால்தான் உங்கள் ஊர்க்காரன் உழைப்பாளியா இல்லையா என்று சொல்ல முடியும்.